ஹைட்ரஜன் வண்டியும் கப் சாம்பிராணியும்

சிங்கப்பூரில் எங்கள் யார்டில் பதினாறு டிரெய்லர் ஓட்டுநர்கள். பதினைந்து பேர் ஆண்கள். பதினாறாவது ஆள் நான், ஆனால் அது பேருக்குத்தான். கனரக லைசென்ஸ் வாங்கி ஆறு வருஷம் ஆகியும், யாராவது மெடிக்கல் லீவு போட்டால்தான் சாவி என் கைக்கு வரும். மற்ற நாளெல்லாம் டெஸ்பாட்ச் மேசையில் உட்கார்ந்து, எந்தக் கன்டெய்னர் எங்கே போகணும், யார் எந்த கேட்டில் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள் என்று போனில் கத்துவதுதான் வேலை. கத்துவதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. சந்தேகம் இருந்தால் என் வீட்டுக்காரரைக் கேளுங்கள், ஒன்றுக்கு இரண்டாகச் சொல்வார்.

அவரும் அதே கம்பெனிதான். இருபத்திரண்டு வருஷமாக டீசல் டிரெய்லர். ஜாலான் புசார் பக்கம் எங்கள் வீடு. காலையில் இரண்டு பேரும் ஒன்றாகக் கிளம்பி சாங்கிப் பக்கம் யார்டுக்கு வருவோம். அவர் வண்டியில் ஏறுவார், நான் மேசைக்குப் போவேன். ஆறு வருஷம் அந்த மேசைப் பக்கத்து ஜன்னல் வழியாக அவர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வயிறு எரியும். வெளியே சொல்லிக்கொள்ள மாட்டேன், அவ்வளவுதான்.

ஹைட்ரஜன் வண்டி வந்த அன்று யார்டே வாசலில் நின்றது. வெள்ளை வெளேரென்று உள்ளே வந்து நின்றது வண்டி. ஓடிக்கொண்டிருக்கிறதா, நிறுத்திவிட்டார்களா என்றே தெரியவில்லை, அப்படி ஒரு அமைதி. ஆளாளுக்குச் சுற்றி வந்தார்கள், டயரை உதைத்துப் பார்த்தார்கள், கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தராவது ஏறவேண்டுமே! "இது பாம் லா," என்று ஒருவர் சொன்னதும் மற்றவர்களும் ஆளுக்கு ஓரடி பின்னால் போனார்கள்.

முதலாளி சீனர். எங்களோடு பேசுவது ஆங்கிலம், கோபம் வந்தால் ஹொக்கியன் சீனம். அவர் சொன்னதையெல்லாம் நான் இங்கே தமிழில் சொல்கிறேன். "ஆறு மாச டிரையல். ஒரு ஹைட்ரஜன் வண்டி, ஒரு டீசல் வண்டி. ஒரே லோடு, ஒரே ரூட், ஒரே நேரத்துக்குக் கிளம்பணும். வண்டி கொடுத்த கம்பெனி பார்க்கும், நானும் பார்ப்பேன். நம்பி ஓட்டலாம்னு தெரிஞ்சா வண்டி இங்கேயே இருக்கும். யார் ஓட்டறது?"

பதினைந்து பேரும் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். நான் மேசையை விட்டு எழுந்து வாசலுக்கு வந்து கையைத் தூக்கினேன்.

"பாஸ், நான் ஓட்டறேன்."

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பதினைந்து பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். வேறு வழி இல்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. "சரி. வண்டி தங்கினா அந்த சீட் உனக்கு, பெர்மனன்ட். வண்டி திரும்பிப் போனா நீயும் மேசைக்குத் திரும்பிப் போகணும். அதுக்கப்புறம் சாவி கேட்டு என் ரூம் பக்கம் வரக்கூடாது. ஓகேயா?"

"ஓகே லா," என்றேன் கெத்தாக.

டீசல் பக்கம் யார் என்ற கேள்வி வந்தபோது முதலாளி அதிகம் யோசிக்கவில்லை. "உன் வீட்டுக்காரனே ஓட்டட்டும். ரெண்டு பேரும் ஒரே வீட்டிலிருந்து வர்றீங்க. லேட்டானா ரெண்டு வண்டியும் லேட்டாகும், கம்பேரிசன் சரியா இருக்கும்."

இப்படித்தான் ஒரே வீட்டுக்குள் ஹைட்ரஜனும் டீசலும் வந்து சேர்ந்தன.

என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லவேண்டும். அவருக்கு டீசல் என்றால் உயிர். இன்ஜின் குளிர்ந்து கிடக்கிறதா, சூடாகிவிட்டதா, எந்த சிலிண்டர் சோம்பல்படுகிறது என்று எல்லாவற்றையும் சத்தத்தை வைத்தே சொல்வார். "சத்தமே இல்லாத வண்டி என்ன வண்டி? ஃபேன் மாதிரி இருக்கு," என்றார் முதல் நாளே. அதோடு விட்டாரா? அந்த வாரம் முழுக்க, நான் குளிக்கப் போனால்கூட வாசலில் நின்று, "கேஸ் வாசனை ஏதாச்சும் வருதா பாரு," என்பார். வீட்டுக்குள் ஹைட்ரஜன் எங்கே வந்தது, கடவுளே!

எனக்குப் பயிற்சி கொடுக்க வண்டி கொடுத்த கம்பெனியிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தாள். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த பெண், முப்பது வயசு இருக்கும். மூன்றாவது நாளே என்னை அக்கா என்றாள். பாடம் சொல்லிக்கொடுத்தவள் அவள், ஸ்டியரிங்கைப் பிடித்தவள் நான், ஆகமொத்தம் இரண்டு பேரும் சமம். கேபினுக்குப் பின்னால் ஆள் உயர அலமாரி மாதிரி ஒரு பெட்டி. அதைத் திறந்து உருளை உருளையாக அடுக்கியிருந்த தொட்டிகளைக் காட்டினாள்.

"இதுல இருக்கிற கேஸை நாம எரிக்கிறதில்லைக்கா. ஃபியூவல் செல்லுக்குள்ள போய் காத்துல இருக்கிற ஆக்சிஜனோட சேரும். கரன்ட் வரும். கரன்ட்ல மோட்டார் ஓடும். மிச்சம் தண்ணி."

"வெடிக்குமா?" என்று நேராகவே கேட்டேன்.

"ஹைட்ரஜன் ரொம்ப லேசு. கசிஞ்சா மேல ஓடிடும். டீசல் கொட்டினா தரையிலேயே கிடக்கும். ஆனா இதுக்கு வாசனை கிடையாது. தீப்பிடிச்சாலும் பகல்ல ஜுவாலை கண்ணுக்கே தெரியாது. அதான் பெட்டியோட மேல்தட்டுல சென்சார். அது கத்தினா வண்டி தானா வால்வை மூடிட்டு நின்னுடும். நீங்க பேசாம இறங்கி நடந்துடணும்."

அப்புறம் ஓட்டிப் பார்த்தேன். சும்மா சொல்லக்கூடாது, முதல் தடவை கன்டெய்னர் சுமையோடு மேம்பாலம் ஏறியபோது எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. டீசல் வண்டியில் அந்த ஏற்றத்தில் கியர் இறங்கும், இன்ஜின் முனகும், பின்னால் வரும் கார்க்காரர்கள் எல்லாம் நம் பாட்டி முப்பாட்டிவரை திட்டுவார்கள். இதில் பெடலை மிதித்தேன், ஏறிவிட்டது. கண்ணாடியில் பார்த்தால் என் வீட்டுக்காரரின் வண்டி பாதி ஏற்றத்தில் கருமமே கண்ணாக வந்துகொண்டிருந்தது. அன்று மத்தியானம் அதைப் பத்துத் தடவையாவது சொல்லிக் காட்டியிருப்பேன்.

காலையில் சாங்கியில் சுமை ஏற்றி, பிஐஇ விரைவுச்சாலை வழியாகத் தீவின் மறுகோடியில் துவாஸ் துறைமுகம் வரை போய், திரும்பி வருவது எங்கள் பாதை. டீசலுக்குப் போகிற வழியெல்லாம் பம்ப். என் வண்டிக்கு நிரப்ப இடம் ஒன்றே ஒன்று, அதுவும் பாதையை விட்டு விலகி ஒரு தொழிற்பேட்டைக்குள். அவர் ஒரு தடவை நிரப்பினால் நாள்கணக்கில் மறந்துவிடலாம். நான் ஒருநாள் விட்டு ஒருநாள் போயாகவேண்டும். குழாயை மாட்டிவிட்டு, பூட்டு விழுந்ததா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, தரையில் போட்ட கோட்டுக்குப் பின்னால் வந்து நிற்கவேண்டும். நல்ல நாளில் ஒரு கோப்பி குடித்து முடிப்பதற்குள் நிரம்பிவிடும். கம்ப்ரசர் முரண்டு பிடிக்கிற நாளில் கோப்பி, ரொட்டி, அப்புறம் இன்னொரு கோப்பி.

அப்படி இருந்தும், துவாஸ் கேட்டுக்கு நான் போய் நின்றால் சில நிமிஷம் கழித்துத்தான் அவர் வண்டி வரும். ஒருநாள்கூட அவர் முந்தவில்லை! "என்னங்க, நான் கேஸ் நிரப்பச் சுத்தி வந்தும் முன்னாடி வந்துட்டேன். நீங்க வழியில தூங்கினீங்களா?" என்பேன். "வழியில ஜாம்," என்பார். "கேட்ல க்யூ," என்பார். நான் நம்பினேன். மேம்பாலத்தில் நான் பறக்கிற வேகத்துக்கு டீசல் எப்படி ஈடுகொடுக்கும் என்று நானே எனக்கு விளக்கமும் சொல்லிக்கொண்டேன். தேக்கா சந்தையில் காய் வாங்கப் போனால் காய்க்காரரிடம்கூட இந்தப் பெருமை அடித்தேன். வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த மனிதர் பாவம், தலையாட்டிக் கேட்டார்.

வாக்குவாதத்தில் எல்லாம் நான் ஜெயித்தேன் என்று சொல்லமாட்டேன். ஒரு சனிக்கிழமை சிராங்கூன் சாலையில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "என் வண்டியில புகையே கிடையாது," என்று ஆரம்பித்தேன். அவர் சட்னியைத் தொட்டுக்கொண்டே, "இந்த ஹைட்ரஜனை எதிலிருந்து எடுக்கிறாங்க?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. மறுநாள் இன்ஜினியரிடம் கேட்டால், பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்துதானாம். அங்கே கரியமில வாயு வெளியே வரத்தான் செய்யுமாம். வெயிலிலும் காற்றிலும் வருகிற மின்சாரத்தை வைத்துத் தண்ணீரைப் பிரித்து எடுத்தால்தான் சுத்தம், அதற்கும் மின்சாரம் நிறையச் செலவாகுமாம். "அப்ப உன் புகை வேற ஊர்ல வருது," என்றார் அவர். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவர் சொன்னது சரி என்பதால் வந்த கோபம் அது. இரண்டு நாள் அவர் சாப்பாட்டு டப்பாவில் ஊறுகாய் வைக்கவில்லை.

ஆனால் துறைமுக வாசலில் காத்திருக்கும்போது பார்க்கவேண்டுமே! நிறுத்திய வண்டியில் இன்ஜினை ஓடவிடக்கூடாது என்பது இங்கே சட்டம். டீசல் ஓட்டுநர்கள் எல்லாம் அணைத்துவிட்டு, கதவைத் திறந்து வைத்து, வேர்த்து விறுவிறுத்துக் கிடப்பார்கள். என் வண்டியிலோ ஏர்கான் அது பாட்டுக்கு ஓடும், புகையும் இல்லை சத்தமும் இல்லை. முதல் மாதம் "பாம்" என்று ஓடியவர்கள் மூன்றாவது மாதம் ஒவ்வொருவராகக் கதவைத் தட்டினார்கள். "அக்கா, அஞ்சு நிமிஷம்," என்று ஏறி உட்காருவார்கள். எங்கள் யார்டின் மலாய் மெக்கானிக், எல்லோருக்கும் பெரியவர், ஒருநாள் ஏறியவர் சாய்ந்து குறட்டையே விட்டுவிட்டார். வண்டிக்கு அடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுவதைக் காட்டி, "உன் லாரி ஒண்ணுக்குப் போகுது," என்று கிண்டல் செய்தவர்களும் அதே ஏர்கானில்தான் உட்கார்ந்திருந்தார்கள். அந்த நாட்களில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன். வேலைக்குப் போகிறோம் என்ற நினைப்பே வரவில்லை.

டிரையல் முடியப் பத்து நாள் இருக்கும்போது ஆயுத பூஜை வந்தது.

எங்கள் யார்டில் ஆயுத பூஜை என்றால் தமிழர்கள் மட்டும் கொண்டாடுவது என்று நினைத்துவிடாதீர்கள். முதலாளி காலையிலேயே புதுச் சட்டையில் வந்து நிற்பார். தேக்காவிலிருந்து மாலைகள் வரும். ஒவ்வொரு வண்டிக்கும் சந்தனம், குங்குமம், சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம். கற்பூரம் காட்டி, தேங்காய் உடைத்து, கப் சாம்பிராணியைப் பற்றவைத்து கேபினுக்குள் புகை காட்டுவோம். அப்புறம் ஒவ்வொரு வண்டியும் பழத்தை நசுக்கிக்கொண்டு யார்டை ஒரு சுற்று வரும். சுண்டல் தட்டு மெக்கானிக்கிடம்தான் முதலில் போகும். மறந்தால் கோபித்துக்கொள்வார்.

இந்தத் தடவை யார்டின் பாதுகாப்பு அதிகாரி முந்தின நாளே என்னிடம் வந்துவிட்டார். என் வண்டியைச் சுற்றி மஞ்சள் கோடு போட்டிருக்கும். "கோட்டுக்கு உள்ளே நெருப்பு வரக்கூடாது. கற்பூரம், சாம்பிராணி, தீக்குச்சி, எதுவும் கூடாது. மாலை போட்டுக்கோ, பழம் வச்சுக்கோ." நானும் சரி என்று தலையாட்டினேன். கடவுளுக்கும் சென்சார் பற்றித் தெரியாதா என்ன?

என் வீட்டுக்காரருக்குத்தான் மனசு கேட்கவில்லை. "எல்லா வண்டிக்கும் புகை காட்டிட்டு உன் வண்டிக்கு மட்டும் காட்டாம விடறதா? அதுவும் அந்த வண்டிக்கு!" என்று வீட்டில் ஆரம்பித்தார். "சந்தனம் போதும், பேசாம இருங்க," என்று அடக்கினேன்.

பூஜை நல்லபடியாக நடந்தது. பதினைந்து வண்டி சாம்பிராணிப் புகையில் யார்டே கோயில் மாதிரி மணத்தது. நான் சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்தேன். என் முறை வந்ததும் கையைத் துடைத்துவிட்டு ஏறி, சாவியைத் திருப்பினேன். சக்கரம் அசையக்கூட இல்லை. வண்டி வீல் என்று கத்தியது. திரையெல்லாம் சிவப்பு. "ஹைட்ரஜன் கசிவு." வால்வுகள் மூடிக்கொண்ட சத்தம் பின்னால் டக் டக் என்று கேட்டது. சொல்லிக்கொடுத்தபடி பேசாமல் இறங்கி நடந்தேன். யார்டே கலைந்து ஓடியது. சுண்டல் தட்டோடு ஓடியவர்களும் உண்டு.

இன்ஜினியர் வந்தாள். கூட இரண்டு பேர் வந்தார்கள். இரண்டு நாள் ஒவ்வொரு இணைப்பாக, ஒவ்வொரு மூட்டாகச் சோதித்தார்கள். கசிவே இல்லை. எனக்கு உயிர் வந்தது. அவள் முகம் மட்டும் தெளியவில்லை.

"கசிவு இருந்தா நல்லா இருந்திருக்கும்க்கா," என்றாள். "சரி பண்ணிடலாம். இது காரணமே இல்லாம கத்தியிருக்கு. காரணம் தெரியாத வண்டியை ரோட்டுல விட எங்க ஆபீஸ் ஒத்துக்காது. வெள்ளிக்கிழமை மீட்டிங். வண்டியைத் திருப்பி எடுக்கணும்னுதான் நான் எழுதணும். எனக்கு வேற வழி தெரியலை."

ஆறு மாதம் ஓட்டிய கை. மறுபடியும் போனைப் பிடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்க்கவேண்டும். அன்று கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

வீட்டில் என் வீட்டுக்காரர் ஒரு மாதிரியாகவே இருந்தார். கேட்காமலே பாத்திரம் கழுவினார். புரோட்டா வாங்கி வந்தார். நான் அழுவதைப் பார்த்தால் எழுந்து வராந்தாவுக்குப் போய்விடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இப்ப சந்தோஷமா? உங்க டீசல் ஜெயிச்சிடுச்சு. போய் கொண்டாடுங்க!" என்று கத்தினேன். ஒரு பதில் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்ததை நான் ஜெயித்தவரின் அடக்கம் என்று எடுத்துக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை முதலாளியின் அறையில் முதலாளி, பாதுகாப்பு அதிகாரி, இன்ஜினியர், நான். இன்ஜினியர் காகிதத்தை எடுத்து முதல் வரியைப் படிப்பதற்குள் கதவு திறந்தது. என் வீட்டுக்காரர். யூனிஃபார்ம் சட்டையின் மேல் பட்டனைக்கூடப் போட்டிருந்தார், வழக்கமாகப் போடமாட்டார். நேராக வந்து தன் டீசல் வண்டியின் சாவியை மேசைமேல் வைத்தார்.

"பாஸ், அந்த வண்டியில கோளாறு இல்லை. நான்தான் செஞ்சேன்."

"இவ சுண்டல் குடுத்துக்கிட்டு இருந்தப்ப கோட்டைத் தாண்டிப் போனேன். தொட்டிப் பெட்டியோட பக்கவாட்டுல காத்துப் போற சந்து இருக்குல்ல, அது வழியா கப் சாம்பிராணியைப் பிடிச்சுப் புகை காட்டினேன். நெஞ்சே அதுதானே, அங்கதான் காட்டணும்னு தோணுச்சு. ரெண்டு நிமிஷம்கூட இல்லை."

பாதுகாப்பு அதிகாரி நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். "தணலா? தொட்டிக்குப் பக்கத்துலயா?" அவர் கத்தியதில் தப்பே இல்லை. உண்மையிலேயே கசிவு இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த மனுஷன் இப்போது என் முன்னால் நின்றிருக்கவே மாட்டார்.

முதலாளி வேறு விதமாக யோசித்தார். அவர் குரல் தணிந்தது, அதுதான் பயம். "உனக்கு அந்த வண்டியைப் பிடிக்காது. யார்டுக்கே தெரியும். டீசல் ஜெயிக்கணும்னு வேணும்னே செஞ்சியா?"

என் வீட்டுக்காரர் மேசைமேல் கிடந்த சாவியையே பார்த்தார். வீட்டில் பேசுகிற பேச்செல்லாம் எங்கே போனதோ! நான்தான், "பாஸ், அவர் அப்படிப்பட்டவர் இல்ல," என்றேன். ஆனால் மூன்று நாளாக, டீசல் ஜெயித்ததில் அவருக்குச் சந்தோஷம் என்றுதானே நானும் நினைத்தேன்? என் குரலில் பலமே இல்லை.

அப்போதுதான் இன்ஜினியர் கையைத் தூக்கினாள். "ஒரு நிமிஷம், சார். இதை நான் இன்னைக்கு வேற தலைப்புல சொல்ல இருந்தேன்." மடிக்கணினியை எங்கள் பக்கம் திருப்பினாள். இரண்டு வண்டியிலும் இடம்காட்டும் கருவி உண்டு. திரையில் நீலக் கோடு நான், பழுப்புக் கோடு டீசல். "டீசல் வண்டியோட நேரக் கணக்கு ஆறு மாசமும் உபயோகம் இல்லாம போச்சு. அக்கா ஹைட்ரஜன் நிரப்பப் போற ஒவ்வொரு நாளும், டீசல் வண்டி அந்தத் தொழிற்பேட்டைக்கு வெளியில, முனையில நிக்குது. அக்கா இருபது நிமிஷம் நின்னா இவர் இருபது நிமிஷம். கம்ப்ரசர் கெட்டுப்போய் அக்கா ஒன்றரை மணி நேரம் நின்ன அன்னைக்கு இவரும் ஒன்றரை மணி நேரம். அக்கா கிளம்பினதுக்கு அப்புறம்தான் கிளம்பறார். மத்த நாள்லயும் அக்கா வண்டியை முந்தறதே இல்லை. டீசல் ஜெயிக்கணும்னு நினைக்கிறவர் எதுக்கு சார் இப்படி நிக்கணும்?"

எல்லோரும் அவரைப் பார்த்தோம். காது வரை சிவந்துபோய் நின்றார்.

"அந்தக் குழாயை மாட்டறப்பதான் பயம்," என்றார் தரையைப் பார்த்தபடி. "ஏதாச்சும் ஆச்சுன்னா நான் துவாஸ்ல இருந்து என்ன பண்ண முடியும்? பக்கத்துல இருந்தா ஓடியாவது வரலாமே."

நான் அடித்த பெருமை, கேலி, காய்க்காரரிடம் அளந்தது எல்லாம் வரிசையாக என் கண்முன் வந்து போனது. ஆறு மாதம் நான் அவரை ஜெயிக்கவே இல்லை. அவர் எனக்காக வெயிலில் இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்துக்கொண்டு நின்றிருக்கிறார். நான் அழுதுகொண்டே அவரைத் திட்ட ஆரம்பித்தேன். "அறிவிருக்கா? வாயில என்ன கொழுக்கட்டையா? சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?" முதலாளிக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது போலிருந்தது, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இன்ஜினியருக்கோ பெரிய சந்தோஷம். காரணம் கிடைத்துவிட்டதே! அன்று மத்தியானமே யார்டின் தொலைமூலையில் அதே மாதிரி ஒரு சென்சாரை ஒரு காலிப் பெட்டிக்குள் மாட்டி, பாதுகாப்பு அதிகாரி கையில் தீயணைப்பானோடு பக்கத்தில் நிற்க, கப் சாம்பிராணியைக் காட்டினாள். கரிப்புகையில் வருகிற வாயுவை ஹைட்ரஜன் என்று நினைத்துக்கொள்கிறதாம் சென்சார். இரண்டாவது நிமிஷம் வீல் என்று கத்தியது. யார்டே கைதட்டியது. ஓர் அலாரத்துக்குக் கைதட்டிய கூட்டத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

வண்டி தங்கியது. சீட் எனக்குத்தான், முதலாளி வாக்கு மாறவில்லை. என் வீட்டுக்காரருக்குக் கடைசி எச்சரிக்கை எழுத்தில் வந்தது. பாதுகாப்பு வகுப்பு முடித்துத் தேறும்வரை ஒரு மாதம் வண்டியைத் தொடக்கூடாது. அதைக்கூடச் சிரித்துக்கொண்டே வாங்கினார். வகுப்பில் முதல் மார்க்கும் அவர்தான். ஹைட்ரஜன் பற்றி இப்போது என்னை விட அவருக்கு அதிகம் தெரியும், ஆனால் ஓட்டமாட்டார். "அது ஃபேன்தான்," என்கிறார் இன்னும்.

அவர் மறுபடி ஸ்டியரிங் பிடித்த முதல் நாள், நான் நிரப்பப் போகிற நாள். கிளம்பும் முன்னால் அவர் வண்டிக் கதவுக்குக் கீழே போய் நின்றேன்.

"இன்னைக்கு எனக்காக எங்கேயும் நிக்கக்கூடாது. நேரா துவாஸ். புரியுதா?"

"நிக்கலைன்னா நான் முன்னாடி போயிடுவேனே," என்றார்.

"போங்க. ஜெயிச்சுக் காட்டுங்க. நான் பார்த்துக்கறேன்."

தலையாட்டிவிட்டு இன்ஜினைக் கிளப்பினார்.

தொழிற்பேட்டைக்குத் திரும்பும் வழி வந்ததும் நான் இடது பாதையில் வேகம் குறைத்தேன். கண்ணாடியில் அவர் வண்டி நெருங்கி வந்தது. என் பக்கத்துக்கு வந்ததும் ஒரு கணம் தயங்கியது. நான் கையை வெளியே நீட்டி, போ போ என்று ஆட்டினேன். அவர் முந்தினார். ஆறு மாதம் ஒரே சாலையில் ஓடியும் அந்த டிரெய்லரின் பின்பக்கத்தை நான் அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தேன். அது சின்னதாகிச் சின்னதாகி வளைவில் மறைகிற வரைக்கும், அந்தச் சத்தமில்லாத கேபினுக்குள் நான் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே இருந்தேன்.